பின்சீட் பொய் சொல்லாது

“கட்டுடா கண்ணை.”

“அம்மா, நாம இன்னும் வீட்டை விட்டே கிளம்பலை.”

“தெரியுது. பழகிப் பாக்கறேன். பரீட்சைக்குப் போறவங்க வீட்ல ஒரு தடவை எழுதிப் பாக்கறதில்லையா?”

மூத்த மகன் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து அம்மாவின் கண்ணைச் சுற்றிக் கட்டினான். கண்ணாடிக் கடைக்காரன். ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிய வைத்தவன், சொந்த வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“இறுக்கிக் கட்டுங்க,” என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள் மருமகள். “அத்தைக்கு ஓரக்கண்ணு ரொம்பக் கூர்மை.”

“கேட்டுதும்மா. கண்ணைத்தான் கட்டியிருக்கான், காதை இல்லை.”

போன வாரக் கதையில் பாதியில் எழுந்து போனவர்களுக்காக ஒரு வார்த்தை. தனித்தனியாக இருந்த மூன்று குடித்தனமும் இந்தப் பெரிய வீட்டில் ஒன்றாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. சமையல் ஒத்துப்போயிற்று. குளியலறைச் சண்டைகூட ஓய்ந்துவிட்டது. கார்தான் ஒத்துப்போகவில்லை. கட்டடத்தின் கீழே இவர்களுக்கென்று இடம் இரண்டு. வந்து சேர்ந்த கார் மூன்று. நாளைக் காலையில் மூன்றாவது கார் தெருவில் நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று கட்டட மேலாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

எது போவது? அங்கேதான் வீடு மூன்றாகப் பிளந்து கிடந்தது.

மாமியாருடையது ‘குருவி’. வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, கட்டு மாற்றிவிட்டு வரும் நர்ஸ் அவர். சின்னக் கார்தான் கார் என்பது அவர் கட்சி. “பெட்ரோலை மோந்து பாத்தே ஓடும். எந்தச் சந்துலயும் நுழையும். கார்னா மனுஷனைக் கொண்டுபோய் விடணும். மத்ததெல்லாம் மினுக்கு.”

இளைய மகன் கார் விற்கும் கடையில் வேலை பார்க்கிறான். அவனுடையது உயரமான கிராஸ்ஓவர். அதற்கு அவன் வைத்த பெயர் ‘சிங்கம்’. அண்ணி வைத்த பெயர் ‘ஒட்டகம்’. வீட்டில் நிலைத்தது அண்ணி வைத்த பெயர்தான்.

“தம்பி, அது கிராஸ்ஓவரே இல்ல. உங்கம்மா குருவிக்கு ஹை ஹீல்ஸ் மாட்டி விட்டிருக்காங்க. ரெண்டும் ஒரே கம்பெனி, அடித்தட்டு ஒண்ணு, எஞ்சின் ஒண்ணு. மேல சட்டைதான் வேற.”

“அண்ணி, வயித்தெரிச்சல். ஊரே கிராஸ்ஓவர் வாங்குது. உங்க வேகனைப் புதுசா செய்யறதையே நிறுத்திட்டாங்க. ஏன் தெரியுமா? வாங்க ஆள் இல்ல.”

“நல்லதை வாங்க எப்பவுமே ஆள் கம்மிதான்.”

அண்ணியின் வேகனுக்குப் பெயர் ‘ரயில்’. நீளம், தாழ்வு, பின்னால் ஓர் அறை மாதிரி இடம். அவள் திரைச்சீலை தைத்து வீடுகளில் மாட்டித் தருகிறவள். எட்டடிக் கம்பியை வேகனில்தான் உள்ளேயே படுக்கவைத்துக் கதவைச் சாத்தலாம். குருவியில் வைத்தால் கம்பி ஜன்னல் வழியே தெருவைக் குத்தும். ஒட்டகத்தில் வைத்தால் ஓட்டுகிறவன் காதைக் குத்தும். வேகன் போனால் அவள் தொழில் போயிற்று. அது எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்தும் மாமியார் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்காதது மட்டுமில்லை, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வேகனில் ஏறுவதையே விட்டுவிட்டார். முன்பெல்லாம் எங்கே போனாலும் மூத்த மகன், மருமகளோடு வேகனில்தான் போவார். இப்போது “நீங்க முன்னால போங்க, நான் குருவியில வரேன்.” அவ்வளவுதான். ஏன் என்று இவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரோஷம்.

கடைசியில் இளையவன்தான் வழி சொன்னான்: “மூணு பேரும் ஒரே சங்கத்துல இருக்கோம். சங்க முறைப்படி தீர்த்துக்கலாம். கண்ணைக் கட்டி பின்சீட்ல உட்காரலாம்.”

கார்ப் பைத்தியங்களின் சங்கம் அது. அவர்களுக்கு ஒரு வேதவாக்கு உண்டு: ஓட்டுகிறவன் காதலன், அவன் சொல்வதை நம்பாதே, பின்சீட்டில் உட்கார்ந்தவனைக் கேள்.

இன்றைக்குத்தான் அந்த நாள்.

கிளம்புகிற நேரத்தில் இளையவனின் கைப்பேசி அடித்தது. பால்கனிப் பக்கம் ஒதுங்கிப் போய்க் குரலைத் தாழ்த்தினான். “ஆமா சார்... சாயந்திரம் வாங்க. வீட்லயே பாத்துடலாம். கவலையே படாதீங்க, உறுதி.”

“யாரு தம்பி?” என்றாள் அண்ணி, செருப்பை மாட்டிக்கொண்டே.

“கடைக் கஸ்டமர் அண்ணி. லீவு நாள்லகூட விட மாட்டேங்கறாங்க.”

*

பூட்டிக் கிடந்த கிடங்கின் முற்றம். லாரிகள் திரும்புவதற்காகப் போட்ட வளைவு, நடுவில் வேகத்தடை, ஓரத்தில் சரளைக் கல், பெயர்ந்துபோன சிமென்ட். சங்கத்துக்காரர்கள் முன்னதாகவே வந்து காப்பி ஃபிளாஸ்கைத் திறந்துவைத்துக்கொண்டு வம்பைத் தொடங்கியிருந்தார்கள்.

“சின்னக் கார் ஓட்டறவன்தான் உண்மையான டிரைவர். எஞ்சின்ல நூறு குதிரைச் சக்தி இருந்தா யார் வேணா ஓட்டுவான்.”

“வேகன் வெச்சிருக்கறவன் வாய மூடவே மாட்டான்யா. ‘என்கிட்ட வேகன் இருக்கு’ன்னு பேரைக் கேக்கறதுக்கு முன்னாடி சொல்லுவான்.”

“கிராஸ்ஓவர்காரன் மட்டும் என்ன? மலை ஏறும்பான். ஏறினது நடைபாதை மேலதான்.”

சங்கத் தலைவருக்கு ‘சைரன்’ என்று பெயர். ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஓட்டினால் மடியில் வைத்த தம்ளர்த் தண்ணீர் சிந்தாது என்பார்கள். மூன்று சாவிகளையும் வாங்கிக்கொண்டார். மருமகள் சாவியைக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லண்ணே. கிளட்ச் கொஞ்சம் மேல பிடிக்கும். ரெண்டாவது கியர்ல அவசரப்படக் கூடாது. ஸ்டியரிங்கை லேசாத் தொட்டாப் போதும்...”

“குழந்தையை மொத நாள் பள்ளிக்கூடத்துல விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு.”

“இதுவரைக்கும் யார்கிட்டயும் கொடுத்ததில்லண்ணே.”

“எங்கிட்டகூட,” என்றான் கணவன். “எனக்கு ஓட்டத் தெரியாதுங்கறது வேற விஷயம்.”

சங்கத்தின் கெடுபிடியைச் சொன்னால் சிரிப்பீர்கள். கண்ணைக் கட்டினால் மட்டும் போதாது. எஞ்சின் சத்தத்தில் கார் தெரிந்துவிடுமாம். அதனால் காதுக்குத் தடித்த மூடி. வாசனையில் தெரிந்துவிடுமாம், அதனால் மூன்று காரிலும் ஒரு கிண்ணம் காப்பித்தூள். சீட்டுத் துணியில் தெரிந்துவிடுமாம். அதனால் மூன்றிலும் ஒரே மாதிரிப் போர்வை. ஏறுகிற உயரத்தில் தெரிந்துவிடும் என்று உயரமான காரின் கதவருகே ஏறுவதற்குப் பலகை போட்டுச் சமன் செய்தார்கள். கை இரண்டும் மடியில் இருக்க வேண்டும். எதையும் தடவிப் பார்க்கக் கூடாது. ஒருவர் சவாரி முடிந்ததும் படுதாவுக்குப் பின்னால் போய் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மூன்று காரிலும் உட்கார்ந்த பிறகு, ‘போகட்டும்’ என்று ஒரு காரைச் சொல்ல வேண்டும். சைரன் அந்தக் காரின் கூரையில், சாலை வேலை நடக்கும் இடத்தில் வைப்பார்களே, அந்தச் சிவப்புக் கூம்பை வைப்பார். எந்தக் காரின் தலையில் கூம்பு அதிகமோ, அது போக வேண்டியதுதான்.

“அண்ணி, உங்க ரயிலைக் கண்டுபிடிச்சிடுவீங்களா?”

“தம்பி, அது மூச்சு விட்டாலே எனக்குத் தெரியும்.”

“அப்போ முதல்ல நீங்களே போங்க.”

கணவன் கண்ணைக் கட்டினான். கட்டும்போது காதருகே, “பயமா இருக்கா?” என்றான்.

“எனக்கென்னங்க பயம்? கூம்பு ஒட்டகத்துக்குத்தான்.”

காது மூடி விழுந்தது. உலகம் அணைந்தது.

முதல் கார். உட்கார்ந்தாள். இருட்டில் உடம்பு முழுக்கவே காதாகிவிட்டது போலிருந்தது. கார் நகர்ந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியது, சாதுவாக. வளைவில் கொஞ்சம் சாய்ந்தது. பரவாயில்லை என்று நினைத்தாள். மெத்தென்று இல்லை, குத்தவும் இல்லை. இது குருவியா, ஒட்டகமா? அடித்தட்டு ஒன்றுதானே, எப்படித் தெரியும்? அவளே சொன்ன கிண்டல் அவள் காலையே வாரியது.

இரண்டாவது கார். நகர்ந்ததுமே ஒரு நடுக்கம் முதுகெலும்பில் ஏறியது. வேகத்தடை வந்தது. அம்மாடி! சீட் அவளைத் தூக்கி எறிந்து, கீழே விழும்போது பிடித்துக்கொள்ள மறந்துபோன மாதிரி இருந்தது. பெயர்ந்த சிமென்ட்டில் பல்லோடு பல் தட்டியது. சரளையில் இடுப்பு வேறு, முதுகு வேறாகப் போயிற்று. இடுப்பைப் பிடித்துக்கொள்ளக் கை துடித்தது. மடியிலேயே இறுக்கி வைத்துக்கொண்டாள்.

உள்ளுக்குள் ஒரே குதூகலம். மாட்டிக்கிட்டியா ஒட்டகமே! உயரமா நிக்கிற காரை வளைவுல சாயாம வெக்கணும்னா பின்னால கெட்டியா கட்டி வெச்சாகணும். கட்டி வெச்சா இப்படித்தான் தூக்கிப் போடும். நான் எத்தனை தடவை கரடியாக் கத்தியிருக்கேன்!

மூன்றாவது கார். இதுவும் முதலாவதைப் போலச் சாதுவாகத்தான் போயிற்று. ஆனால் அவள் மனசில் மூன்றாவதுக்கு இடமில்லை. இது என் ரயில்தான், என்ன நிதானம் பார், என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

இறங்கியதும் சைரன் காது மூடியைத் தூக்கிக் கேட்டார். “எதும்மா போகட்டும்?”

“ரெண்டாவது!” முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். “அதுல பின்சீட்ல உக்காந்தவங்க மேல அதை ஓட்டறவனுக்கு இரக்கமே கிடையாது. நல்லா எழுதிக்குங்க. அந்தக் காரை வெச்சிருக்கறவன் ஒரு நாளாவது பின்னால உக்காந்து பாத்திருந்தா, இப்படி ஒரு வண்டியை வீட்டு ஆளுங்களுக்குக் கொடுத்திருக்க மாட்டான்!”

யாரோ இருமினார்கள். கூம்பை எடுத்துக்கொண்டு போகும் சைரனுடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்தது இளையவன். திரும்பி வந்து படுதாவுக்கு அப்பால் அவன் சொன்னது நன்றாகவே கேட்டது: “முதல் காருக்குக் கண்ணு படும்ணே! என்ன சொகுசு, என்ன கம்பீரம்! எங்கே இருந்தாலும் சிங்கம் சிங்கம்தான். ரெண்டாவது பேயாட்டம், விடுங்க, அம்மா குருவிக்கு வயசாயிடுச்சு. ஆனா எனக்கு மூணாவதுதான் போகணும். டப்பா. அண்ணி கோவிச்சுக்கக் கூடாது, அது ரயில்தான்.”

மாமியார் கடைசியாகப் போனார். வெகுநேரம் ஆனது மாதிரி இருந்தது. அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் கேட்கவேயில்லை.

*

“கட்டை அவிழுங்க!” என்றார் சைரன்.

வெயிலில் கண் கூசியது. மருமகள் இமைகளைத் தேய்த்துக்கொண்டு பார்த்தாள். மூன்று கார்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் அது எத்தனையாவது கார் என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதியிருந்தது.

ஒன்று: குருவி. கூரையில் ஒன்றுமில்லை.

மூன்று: ஒட்டகம். கூரையில் ஒரு கூம்பு.

இரண்டு...

ரயில். அதன் நீளக் கூரையின் நடுவில், அவள் வைக்கச் சொன்ன கூம்பு.

முற்றத்தில் சிரிப்பு வெடித்தது பாருங்கள்! ஒருவர் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

“காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சும்பாங்க,” என்றார் சைரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. “இங்கே ரெண்டு காக்கா தன் குஞ்சையே கொத்தித் துரத்திடுச்சு!”

“இருங்கண்ணே,” என்றான் இளையவன், பேயறைந்த மாதிரி. “சொகுசுன்னு நான் சொன்னது... குருவியையா?”

“கம்பீரம்னும் சொன்னே.”

“அப்போ டப்பா?”

“உன் சிங்கம்.”

அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மருமகள் சிரிக்கவில்லை. வேகனின் பின்கதவைத் திறந்து சீட்டை அமுக்கிப் பார்த்தாள். அப்புறம் குனிந்து சக்கரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தாள். போன வருஷம் அவளே தேடித் தேடி வாங்கி மாட்டச் சொன்ன ஸ்பிரிங். கம்பி மூட்டை ஏற்றினாலும் பின்பக்கம் தொய்யக் கூடாது, வளைவில் தண்டவாளத்தில் போகிற மாதிரி போக வேண்டும் என்று ரெண்டு மடங்கு கெட்டியானது. டயரும் மெல்லிசாக மாற்றியிருந்தாள். சங்கத்தில் எல்லோரிடமும் பெருமையடித்தாள். ஓட்டும்போது சொர்க்கம்!

பின்னால் பாரம் இல்லாதபோது அந்த ஸ்பிரிங்குக்கு அமுங்கவே தெரியாது என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. பின்னால் அவள் ஏற்றியது கம்பி. உட்கார்ந்தது அவள் இல்லை.

யார் உட்கார்ந்தது?

பின்சீட்டில் உட்கார்ந்தால் கணவனுக்குத் தலை சுற்றும். அவனுக்கு எப்போதும் முன்சீட். கொழுந்தன் வேகனில் ஏறவே மாட்டான். பின்சீட்டில் எப்போதும் உட்கார்ந்தது ஒரே ஒருவர்.

அவர் கொஞ்சம் தள்ளி, மூன்றாவது கூம்பை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“அத்தை எதைச் சொன்னாங்க?” என்று சைரனிடம் கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லலைம்மா. கூம்பைக் கொடுங்க, அப்புறம் சொல்றேன்னு வாங்கி வெச்சுக்கிட்டாங்க.” சைரன் குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்ணு. கண்ணாடியில பாத்தேன். ரெண்டாவது கார்ல ஏறி உக்காந்தாங்க. நான் இன்னும் எஞ்சினைக்கூடப் போடலை. கை தானா மேல போய் ஜன்னலுக்கு மேல இருக்கற கைப்பிடியைப் பிடிச்சுக்கிச்சு. தேடல, தடவல. நேராப் போச்சு. காது மூடியைத் தூக்கி, ‘கை மடியிலம்மா’ன்னு சொன்னேன். ‘ஐயோ, பழக்கம்’னாங்க.”

மருமகளுக்குக் கேட்டதெல்லாம் அந்தக் கடைசி வார்த்தைதான்.

“சரி, முடிவு என்ன?” என்று கூட்டம் கத்தியது. “வேகனுக்கு ஒண்ணு, கிராஸ்ஓவருக்கு ஒண்ணு! அம்மா, கூம்பு உங்ககிட்டதான் இருக்கு. எதும்மா?”

மாமியார் எழுந்தார். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். கூம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக மருமகளிடம் வந்து கையை நீட்டினார்.

“சாவி.”

“எதுக்கு அத்தை?”

“வீட்டுக்கு உன் காரை நான் ஓட்டறேன். நீ பின்னால உக்காரு. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் எனக்கு யோசிக்க நேரம் வேணும்.”

மாட்டேன் என்று சொல்ல மருமகள் வாயெடுத்தாள். அந்தக் கைப்பிடி நினைவுக்கு வந்தது.

சாவியைக் கொடுத்தாள்.

*

இளையவன் ஒட்டகத்தை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் முதல் ஆளாகப் பறந்தான். குருவியை ஓட்டிவர சைரன் ஒப்புக்கொண்டார்; கணவன் அதில் ஏறிக்கொண்டான். வேகனின் முன்சீட்டில் மாமியார் கூம்பை உட்காரவைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டார்.

“கிளட்ச் மேல பிடிக்கும் அத்தை.”

“நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டப்போ நீ பால் குடிச்சுக்கிட்டு இருந்தே. பேசாம உக்காரு.”

வேகன் கிடங்கு வாசலைத் தாண்டியது. தாண்டிய கையோடு முதல் பள்ளம்.

“அம்மா!”

“என்ன?”

“பள்ளம் அத்தை! பாத்து!”

மாமியார் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அடுத்தது, சாலையைத் தோண்டி மூடிய இடம்.

“ஐயோ! அத்தை, பள்ளம்!” அவள் கை ஜன்னலுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்திருந்தது. எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

மாமியார் கடகடவென்று சிரிக்க ஆரம்பித்தார். “இதைத்தாண்டி நானும் சொல்லிக்கிட்டு வந்தேன்! ‘பள்ளம்மா, பாத்தும்மா’ன்னு. ஒரு வருஷமா!”

“நான் ஓட்டறதைக் குறை சொல்றீங்கன்னு நினைச்சேன் அத்தை.”

“நினைச்சே. பாட்டுச் சத்தத்தை வேற கூட்டி வெச்சே.”

மருமகள் முகம் சிவந்தது. “முதுகு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை... நேராச் சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது?” மாமியார் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “வளைவுல திரும்பறப்போ இந்தக் கண்ணாடியில உன் முகம் தெரியும். நாள் பூரா ஏணியில ஏறி இறங்கி, அடுத்தவங்க ஜன்னலுக்கு ஆணி அடிச்சுட்டு வர்றவ, அந்த ஒரு வளைவுல சின்னப் பொண்ணு மாதிரி சிரிப்பே. அந்த முகத்தைப் பாத்துட்டு ‘உன் கார் எனக்கு ஆகலை’ன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ஊசி போட்டு ஊசி போட்டு ஒண்ணு கத்துக்கிட்டேன்: வலிக்கும்னு சொல்றதுக்கு ஒரு நேரம் இருக்கு. அந்த நேரமே வரலை. சரி, குருவியில வந்துடலாம்னு ஒதுங்கிட்டேன்.”

“நான் உங்களுக்கு என் மேல கோபம்னு நினைச்சேன்.”

“இருந்துது. நீ ஒரு தடவைகூட ‘ஏன் அத்தை வரலை’ன்னு கேக்கலையே, அந்தக் கோபம்.”

பின்சீட்டிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

“அழாதே. அழுதா அடுத்த பள்ளத்துல நாக்கைக் கடிச்சுப்பே.”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது மருமகளுக்கு.

ஆற்றோரச் சாலை வந்தது. புதிதாகத் தார் போட்ட சாலை, பள்ளம் இல்லை. நீளமாக இடது பக்கம் வளைந்து, உடனே வலது பக்கம் திரும்பி, மறுபடியும் இடது பக்கம் வளையும். மருமகளுக்கு அந்த மூன்று வளைவும் மனப்பாடம்.

“அத்தை,” என்றாள் மெதுவாக. “வளைவுக்கு முன்னால மூணாவது கியர் போடுங்க. அப்புறம் பிரேக்கைத் தொடாதீங்க.”

“தொடாமலா?”

“நம்புங்க. பாத்துக்கும்.”

கார் முதல் வளைவில் நுழைந்தது. சாயவில்லை. தடுமாறவில்லை. சாலையைக் கையால் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி போயிற்று. மாமியாரின் வாய் திறந்தது. இரண்டாவது வளைவு. தோள் இரண்டும் நிமிர்ந்தன. மூன்றாவது வளைவில் அவரையும் அறியாமல் காலால் இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

“என்னடி இது!” என்று கூவினார். “ஏய், என்னடி இது! நினைச்சா திரும்புது! நான் நினைக்கறதுக்கு முன்னாடி திரும்புது!”

“ஹா!” என்று கத்தினாள் மருமகள், முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு. “பாத்தீங்களா? பாத்தீங்களா அத்தை?”

“இத்தனை வருஷம் குருவியோட குடித்தனம் பண்ணி என் காலத்தை வீணாக்கிட்டேனே! இதை விட்டுட்டா ஸ்டூல் மேல நிக்கற அந்தக் காரை ஊரே வாங்குது? ஊருக்குப் பைத்தியமா?”

“அதைத்தானே நானும் சொல்றேன்!”

“இன்னொரு தடவை போலாமா?”

“போலாம் அத்தை!”

திரும்பி வந்து இன்னொரு தடவை போனார்கள். கண்ணாடியில் இப்போது மாமியாரின் முகம் தெரிந்தது. சின்னப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது. மருமகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்சீட்டில் உட்கார்ந்தால் இதெல்லாம் தெரியும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

“ஸ்பிரிங்கை மாத்திடறேன் அத்தை,” என்றாள். “பழசையே போட்டுடறேன். வளைவுல கொஞ்சம் சாயும். சாயட்டும்.”

“ரொம்பச் சாய விடாதே,” என்றார் மாமியார் அவசரமாக. “நடுவாந்தரமா ஒண்ணு கிடைக்கும் இல்ல?”

*

வீட்டுத் தெரு திரும்பியதும் மாமியார் வேகத்தைக் குறைத்தார்.

கட்டட வாசலில் ஒட்டகம் நின்றது. அதன் பக்கத்தில் இளையவன். அவன் பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும். மனைவியின் கையில் அளவு நாடா. கணவர் வேகனைக் கண்டதுமே முகம் மலர்ந்து, வலது கையை ஆட்டிக்கொண்டு சாலைக்கே வந்துவிட்டார்.

“வந்துட்டுது, வந்துட்டுது! இதானே தம்பி? படத்துல பாத்ததைவிட நல்லா இருக்கே!”

இளையவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அவன் வேகன் பக்கம் திரும்பவேயில்லை.

“அத்தை,” என்றாள் மருமகள். அவள் குரல் இறங்கிவிட்டது. “காலையில ஃபோன். சாயந்திரம் வாங்க, உறுதின்னு சொன்னார் தம்பி. கடைக் கஸ்டமர்னார்.”

“உறுதியா? எதை உறுதி சொன்னான்?”

“என் காரை. கூம்பு இதுக்குத்தான் விழும்னு காலையிலேயே முடிவு பண்ணிட்டார்.”

மாமியார் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். பக்கத்து சீட்டின் பெல்ட்டைக் கழற்றினார். வேகனை மெதுவாக உருட்டி, சரியாக மகனுக்கு முன்னால் கொண்டுவந்தார். ஆனால் எஞ்சினை அணைக்கவில்லை.

“அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. இவங்க ரொம்ப நாளா ஒரு வேகனுக்கு அலையறாங்க. இந்த சார் வாத்தியம் வாசிக்கறவர், அதுக்குப் பெரிய பெட்டி. நான் வாக்கு கொடுத்துட்டேன்...”

“யாரு காருக்குடா வாக்கு கொடுத்தே?”

“கூம்பு இன்னும் பாக்கி இருக்கும்மா! நீங்கதான் சொல்லணும். எதுக்குன்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

“பண்ணிட்டேன்.”

கூம்பு ஜன்னல் வழியாக வெளியே வந்தது. ஒரு நொடி காற்றில் நின்றது. பிறகு நேராக இளையவன் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்தது.

“இதுக்கு!” என்றார் மாமியார். “கெட்டியா பிடிச்சுக்கோ மருமகளே!”

கை ஏற்கெனவே மேலே இருந்தது.

வேகன் சீறிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போயிற்று. அளவு நாடாவோடு அந்த அம்மாள் நடைபாதைக்குத் துள்ளினாள். தெருமுனைப் பள்ளத்தில் மருமகளின் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. அவள் கத்தினாள், சிரித்தாள், மறுபடியும் கத்தினாள்.

“எங்கே அத்தை போறோம்?”

“தெரியாது! மூணாவது கியர்லயே போலாமா?”

மருமகள் முட்டி போட்டுப் பின்கண்ணாடி வழியே பார்த்தாள். தூரத்தில் கட்டட வாசலிலிருந்து ஒரு கார் அவசரமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. உயரமான கார். முன்சீட்டில் கொழுந்தன், பக்கத்தில் அந்த ஆள், பின்னால் அளவு நாடாக்காரி. கூம்பைத் தலையிலிருந்து எடுக்கக்கூட அவனுக்கு நேரமில்லை போலிருக்கிறது.

“அத்தை!”

“என்ன? பள்ளமா?”

“இல்ல! ஒட்டகம் துரத்துது!”

கண்ணாடியில் மாமியாரின் கண்கள் பளபளத்தன.

“வரட்டும்,” என்றார். “ஆத்தோரம் அந்த மூணு வளைவு இருக்கில்ல?”